மாணிக்க முனையின் உண்மை விட்டம்

அரண்மனை, தசரா, பட்டு, சந்தனம் என்று மைசூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் தொழிற்பேட்டைகளை மறந்துவிடுகிறார்கள். விஜயநகர் குடியிருப்பை ஒட்டியே ஹெப்பாள் தொழிற்பேட்டை இருக்கிறது. சுற்றிலும் மேட்டகள்ளி, ஹூட்டகள்ளி, பெலவாடி என்று ஆலைகள் தொடர்கின்றன. சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர் லாரிகளையும் எஞ்சின்களையும் பி.இ.எம்.எல். இங்கே செய்கிறது. ஆட்டோமோட்டிவ் ஆக்ஸில்ஸ் நிறுவனம் லாரி, பஸ்களுக்கான அச்சுகளைச் செய்கிறது. ட்ரைட்டன் வால்வ்ஸ் டயர்களுக்குக் காற்றடைக்கும் வால்வுகளைச் செய்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை யாதவகிரியில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள்கள் தயாராகி நாடெங்கும் ஓடின.

இத்தகைய பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகள் எந்தத் தொழிற்பேட்டையிலும் உண்டு. லேத்தின் இரைச்சலும் கூலன்ட் வாடையும் நிறைந்த பட்டறையில் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மட்டும் இரவும் பகலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வழவழப்பாகத் தேய்த்த கருங்கல் மேடை, அதன் குறுக்கே காற்று மெத்தையின் மேல் நகரும் ஒரு பாலம், பாலத்திலிருந்து இறங்கும் தூண், தூணின் அடியில் மெல்லிய ஒரு தண்டு. தண்டின் நுனியில் 2 மி.மீ. விட்டத்தில் ஒரு சிவப்புக் கோளம். சி.எம்.எம். என்று எல்லோரும் சொல்லும் ஆயத்தொலை அளவீட்டு இயந்திரம் இதுதான். பட்டறையில் செய்த பாகம் வண்டியேறுமா, ரிஜெக்ட் ஆகிக் கழிவுக்குப் போகுமா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது அந்தச் சிவப்புக் கோளம் தொட்ட புள்ளிகள்தாம்.

சி.எம்.எம். செய்யும் வேலையைச் சொல்லிவிடுவது எளிது. நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளிலும் தலா ஓர் அளவுகோல். தண்டின் நுனி பாகத்தைத் தொடுகிறது. தொட்ட நொடியில் மூன்று அளவுகோல்களும் காட்டும் எண்களைக் கணினி பிடித்துக்கொள்கிறது. ஒரு துளையின் உள்சுவரை எட்டு இடத்தில் தொட்டால் எட்டுப் புள்ளிகள். அவற்றின் வழியே பொருத்தமான வட்டத்தை வரைந்தால் துளையின் விட்டமும் மையமும் கிடைத்துவிடும்.

கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இயந்திரம் பதிவு செய்வது கோளம் உலோகத்தைத் தொட்ட இடத்தை அல்ல, கோளத்தின் மையம் அப்போது இருந்த இடத்தை. தொட்ட இடத்துக்குப் போக, மையத்திலிருந்து கோளத்தின் ஆரத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். எண்ணெய் வாங்கும்போது வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொள்வோமே, அதே கணக்கு. பாத்திரத்தின் எடை தெரியாமல் எண்ணெயின் எடை தெரியாது. கோளத்தின் அளவு தெரியாமல் துளையின் அளவு தெரியாது.

அப்படியென்றால் கோளத்தின் விட்டம் எவ்வளவு? வாங்கிய டப்பாவில் 2 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. அந்த எண் பொய்யில்லை. இந்தக் கோளங்கள் செயற்கை மாணிக்கத்தில் செய்யப்படுபவை. அலுமினியம் ஆக்ஸைடைத் தீச்சுடரில் உருக்கி மாணிக்கப் படிகமாக வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னுய் 1902-இல் வெளியிட்டார். வைரத்துக்கு அடுத்த நிலைக் கடினம் கொண்டது என்பதால் எஃகை ஆயிரக்கணக்கான முறை தொட்டாலும் எளிதில் தேயாது. உருண்டையாகத் தேய்த்து முடித்த நல்ல தரக் கோளத்தில் உருண்டைப் பிழை ஒரு மைக்ரானின் எட்டில் ஒரு பங்களவே இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரானுக்கு முன்னே பின்னே இருக்கும்.

கோளம் இவ்வளவு நேர்த்தியாக இருந்தும் டப்பாவில் உள்ள எண்ணைக் கணினியில் இட்டு அளந்தால் விடை தப்பும். காரணம் கோளத்தில் இல்லை. அதைத் தாங்கும் தண்டிலும், தண்டைத் தாங்கித் தொடுகையை உணரும் புரோபிலும் இருக்கிறது.

இந்தத் தொடு புரோப் பிறந்த கதை சூப்பர்சோனிக் விமானத்தோடு சேர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் கான்கார்டு விமானத்துக்கு ஒலிம்பஸ் எஞ்சின்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைச் சுற்றி வளைந்து நெளிந்து ஓடும் மெல்லிய எரிபொருள் குழாய்களைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. அந்நாளைய அளவீட்டு இயந்திரங்களில் இருந்தது விறைப்பான முனை. அதைக் கையால் பிடித்துப் பாகத்தின் மேல் அழுத்த வேண்டும். அழுத்தினால் மெல்லிய குழாய் வளையும். யார் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அங்கே பொறியாளராக இருந்த, டப்ளினில் பிறந்த டேவிட் மெக்மர்ட்ரி, தொட்டவுடன் தானே விலகிக்கொடுக்கும் ஒரு புரோபை 1972-இல் வடிவமைத்தார். மறு ஆண்டு ஜான் டியர் என்ற சக ஊழியரோடு சேர்ந்து ரெனிஷா நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் சி.எம்.எம்.களில் உள்ள புரோப்கள் பெரும்பாலும் அந்த வடிவமைப்பின் வழி வந்தவை.

அதன் உட்புறம் எளிமையானது. தண்டின் மேல்முனையிலிருந்து மூன்று சிறு உருளைகள் 120 பாகை இடைவெளியில் மூன்று திசையில் நீள்கின்றன. ஒவ்வோர் உருளையும் இரண்டு குண்டுகளுக்கு இடையே உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. ஆறு குண்டுகள், ஆறு தொடுபுள்ளிகள். ஒரு திடப்பொருள் வெளியில் நகரவும் திரும்பவும் ஆறே வழிகள்தாம் உண்டு; அந்த ஆறையும் இந்த ஆறு புள்ளிகள் அடைத்துவிடுகின்றன. அதனால் தண்டை எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும், விட்டவுடன் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பிசகில் பழைய இடத்துக்கே திரும்பி அமர்கிறது. ஆறு தொடுபுள்ளிகள் வழியாகவும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடுகிறது. கோளம் எதையாவது தொட்டுத் தண்டு சாய்ந்தால் ஏதோ ஓர் உருளை தன் குண்டுகளை விட்டு எழும்பும். மின்தடை சட்டென்று உயரும். கணினி அந்தக் கணத்து எண்களைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது ஆண்டு கடந்தும் புழக்கத்தில் நிற்கும் இந்த அமைப்பைப் பொறியியலின் அழகான படைப்புகளில் ஒன்றாக வைப்பேன்.

சிக்கலும் இங்கேதான். உருளை எழும்ப வேண்டுமென்றால் ஸ்பிரிங்கின் பிடியை மீறும் அளவுக்குக் கோளத்தைத் தள்ள வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு புரோபில் பக்கவாட்டுத் தொடுவிசை ஏறத்தாழ 8 கிராம் எடைக்குச் சமம். அந்தச் சிறு விசைக்கும் தண்டு வளையும். ஆக, கோளம் உலோகத்தைத் தொட்ட பிறகும் இயந்திரம் இன்னும் கொஞ்சம் முன்னே போகிறது, தண்டு வளைந்துகொடுக்கிறது, அதன் பிறகே சமிக்ஞை வருகிறது. தொட்டதற்கும் சமிக்ஞைக்கும் இடையே கடந்த இந்தத் தூரம் ஒன்றிரண்டு மைக்ரானாகவும் இருக்கலாம், நீளத் தண்டில் பத்தைத் தாண்டியும் போகலாம்.

ஒரு பாகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 20 மி.மீ. துளை, எச்7 என்று வரைபடத்தில் இருக்கிறது. 20.000-க்கும் 20.021-க்கும் நடுவே எதுவானாலும் நல்ல பாகம் என்று பொருள். துளையின் உண்மை அளவு 20.019 என்று வைப்போம். கோளம் 2.000. தொட்ட பிறகு இயந்திரம் 2 மைக்ரான் மேற்கொண்டு போகிறது. துளைக்குள் எல்லாத் திசையிலும் வெளிநோக்கி 2 மைக்ரான் அதிகம் போவதால், மையங்கள் வரையும் வட்டத்தின் விட்டம் 18.019-க்குப் பதிலாக 18.023 ஆகிறது. டப்பா எண்ணான 2.000-ஐக் கூட்டினால் 20.023. திரையில் சிவப்பு. நல்ல பாகம் கழிவுப் பெட்டிக்குப் போகிறது.

அதே புரோபால் அந்தத் துளைக்குள் போக வேண்டிய ஷாஃப்டை அளப்போம். ஜி6 வரம்பில் 19.980 முதல் 19.993 வரை அனுமதி. உண்மை அளவு 19.996; அதாவது 3 மைக்ரான் பெருத்த, தள்ள வேண்டிய ஷாஃப்ட். வெளியிலிருந்து தொடும்போது இயந்திரம் உள்நோக்கி 2 மைக்ரான் அதிகம் போகிறது. மையங்களின் வட்டம் 21.996-க்குப் பதிலாக 21.992. அதிலிருந்து 2.000-ஐக் கழித்தால் 19.992. திரையில் பச்சை. தள்ள வேண்டியது வண்டியேறிப் போகிறது.

ஒரே பிழை நல்லதைத் தள்ளியது, கெட்டதை ஏற்றது. மைக்ரோமீட்டரை இரண்டாம் முறை வைத்துப் பார்ப்பவர்கள்கூட சி.எம்.எம். அச்சடித்த தாளை மறுபேச்சில்லாமல் நம்புகிறார்கள் என்பதால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போகும்.

தீர்வு, டப்பா எண்ணை மறந்துவிட்டு, இந்தப் புரோப் இந்தத் தண்டோடு தொடும்போது கோளம் எவ்வளவு விட்டமுள்ளதாக நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிப்பது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அந்த எண் 1.996. துளைக்கு 18.023-உடன் 1.996-ஐக் கூட்டுங்கள், 20.019 வருகிறது. ஷாஃப்டுக்கு 21.992-இலிருந்து 1.996-ஐக் கழியுங்கள், 19.996 வருகிறது. இரண்டும் உண்மை அளவுகள். உள்ளே தொட்டாலும் வெளியே தொட்டாலும் ஒரே திருத்தம் இரண்டையும் நேராக்கிவிடுகிறது. இந்த நடப்பு விட்டம் பொதுவாக டப்பா விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 2 மி.மீ. கோளத்துக்கு 1.996 வந்துவிட்டதே, கோளம் தேய்ந்துவிட்டதா என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பதறுவதுண்டு. தேய்மானம் இல்லை, தண்டின் வளைவு அந்த எண்ணுக்குள் ஏறியிருக்கிறது.

நடப்பு விட்டத்தைக் கண்டுபிடிக்க மாஸ்டர் பால் வேண்டும். மேடையின் ஓரத்தில் ஒரு தண்டின் மேல் பொருத்திய, பெரும்பாலும் பீங்கானில் அல்லது டங்ஸ்டன் கார்பைடில் செய்த, 20 அல்லது 25 அல்லது 30 மி.மீ. கோளம் அது. அதன் விட்டத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்று மிகத் துல்லியமாக அளந்து சான்றிதழில் எழுதித் தந்திருக்கும்: உதாரணமாக, 24.9987. புரோப் இந்தக் கோளத்தின் மேல்பாதியைப் பல இடங்களில் தொடுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் மாணிக்கத்தின் மையம் எங்கே இருந்தது என்று பதிவாகிறது. அந்த மையங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு பெரிய கோளத்தின் மேற்பரப்பில் விழும். அந்தப் பெரிய கோளத்தின் விட்டம் 26.9951 என்று கணக்கில் வந்தால், மாஸ்டர் பாலின் 24.9987-ஐக் கழித்த மிச்சம் 1.9964. அதுதான் நடப்பு விட்டம். இதைக் கண்டுபிடிக்கும் இந்த வேலைக்குத்தான் கேலிபரேஷன் என்று பெயர்.

ஒரு கோளத்தை வரையறுக்க நான்கு புள்ளிகள் போதும். மையத்துக்கு மூன்று எண்கள், ஆரத்துக்கு ஒன்று. நான்கோடு நின்றுவிட்டால் விடை எப்போதும் கனகச்சிதமாகப் பொருந்தும். பிழை இருந்தாலும் தெரியாது. அதனால் கூடுதலாகத் தொடுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 10360 தரத்தின் ஐந்தாம் பகுதி, புரோபைச் சோதிக்க 25 புள்ளிகளைப் பரிந்துரைக்கிறது: உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே நான்கு, பிறகு எட்டு, பிறகு நான்கு, நடுவரையில் எட்டு. இத்தனை புள்ளிகளும் ஒரே கோளத்தில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைக் கணினி ஓர் எண்ணாகத் தரும். மென்பொருளைப் பொறுத்துப் படிவப் பிழை என்றோ திட்ட விலக்கம் என்றோ அதற்குப் பெயர் இருக்கும்.

என்னைக் கேட்டால் நடப்பு விட்டத்தைவிட இந்த எண் முக்கியம். விட்டம் சொல்வது திருத்தத்தை. இந்த எண் சொல்வது அந்தத் திருத்தத்தை நம்பலாமா என்பதை. நேற்றுவரை ஒன்று, ஒன்றரை மைக்ரான் காட்டிய புரோப் இன்று ஏழு காட்டினால் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தக் கூடாது. மாணிக்கத்தின் மேல் எண்ணெய்ப் படலம், மாஸ்டர் பால் மேல் யாரோ வைத்த விரல் ரேகை, முழுதாக இறுகாத தண்டு, ஒட்டு விட்டுப்போன கோளம், மேடையில் ஆடும் மாஸ்டர் பால் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. அலுமினியத்தை உரசிக்கொண்டே அளக்கும் வேலையென்றால் மாணிக்கத்தின் மேல் அலுமினியம் மெல்ல அப்பிக்கொள்ளும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்பின் மேல் சாம்பல் நிறத் தடம் தெரியும். அத்தகைய வேலைக்கு சிலிக்கான் நைட்ரைடு கோளத்துக்கு மாறுவதே முறை. மற்றபடி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இழை உதிராத துணியும் போதும். மாணிக்கத்தையும் மாஸ்டர் பாலையும் துடைக்காமல் ஓட்டிய கேலிபரேஷன் அழுக்கின் தடிமனையும் சேர்த்தே அளந்திருக்கும்.

தண்டின் நீளம் இன்னொரு கண்டம். ஆழமான துளைக்குள் எட்டவில்லை என்று நீளத் தண்டை மாட்டுகிறார்கள். ஒரு முனையில் பிடித்த தண்டின் வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளரும் என்பது பொறியியல் மாணவர் எல்லோரும் படித்தது. நீளத் தண்டில் நெம்புகோல் பலம் கூடுவதால் தொடுவிசை குறைகிறது. அது ஒரு நீளத்தை ஈடுகட்டிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தண்டு இரு மடங்கு நீண்டால் சமிக்ஞைக்கு முந்தைய வளைவு நான்கு மடங்காகிறது. எஃகைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பான டங்ஸ்டன் கார்பைடுத் தண்டு இதைக் குறைக்கும். வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே நீளம், இயன்ற அளவுக்குத் தடிமன், குறைந்த எண்ணிக்கையில் இணைப்புகள்: புரோப் விற்கும் எந்த நிறுவனத்தின் கையேட்டைத் திறந்தாலும் இந்த அறிவுரை இருக்கும்.

இதுவரை தண்டு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைகிறது என்று வைத்துப் பேசினேன். உண்மையில் அப்படி வளைவதில்லை. புரோபுக்குள் மூன்று இருக்கைகள் முக்கோணமாக இருக்கின்றன. ஒரு திசையில் தள்ளினால் தண்டு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை அச்சாக வைத்துச் சாயும். எதிர்த் திசையில் தள்ளினால் ஒரு முனையை அச்சாக வைத்துச் சாயும். நடுவிலிருந்து பக்கத்துக்கு உள்ள தூரத்தைப் போல முனைக்கு உள்ள தூரம் இரு மடங்கு. எனவே ஸ்பிரிங்கை மீறத் தேவையான விசையும் இரு மடங்காகிறது. விசை மாறினால் வளைவும் மாறும். கச்சிதமான வட்ட வளையம் ஒன்றை இந்தப் புரோபால் நெருக்கமாகப் பல புள்ளிகளில் அளந்து, பிழையைப் பெரிதாக்கி வரைந்து பார்த்தால், வட்டத்துக்குப் பதிலாக மூன்று இடத்தில் உப்பிய வடிவம் தெரியும்.

பட்டறையில் இது எங்கே ஏமாற்றும் என்று சொல்ல வேண்டும். லேத்தில் பாகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் மூன்று தாடை சக். மெல்லிய சுவருள்ள புஷ்ஷை அதில் இறுக்கிப் பிடித்துக் கடைந்தால், தாடை விட்டவுடன் உலோகம் மீண்டுவந்து துளை மூன்று இடத்தில் உப்பி நிற்கும். சி.எம்.எம். தாளில் மும்முனை வடிவத்தைப் பார்த்தவுடன் எந்த மேற்பார்வையாளரும் லேத்காரரைக் கூப்பிட்டுத் தாடை அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வார். குற்றம் லேத்திலும் இருக்கலாம், புரோபிலும் இருக்கலாம். இரண்டும் விட்டுச்செல்லும் தடம் ஒன்றுதான்.

இதைப் பிரித்தறிய அருமையான ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லாதது. பாகத்தை மேடையிலேயே 60 பாகை திருப்பி வைத்து மறுபடி அளக்க வேண்டும். உப்பல்கள் பாகத்தோடு சேர்ந்து திரும்பினால் அது பாகத்தின் குறை. பாகம் திரும்பியும் உப்பல்கள் மேடையைப் பொறுத்து அதே இடத்தில் நின்றால் அது புரோபின் குறை. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, செய்யாத தவறுக்கு லேத்காரர் பதில் சொல்ல வேண்டிய நிலையைத் தவிர்க்கும்.

பழைய மின்தொடுபுள்ளி முறைக்குப் பதிலாக விசையை நேரடியாக உணரும் திரிபுமானிகளை வைத்த புரோப்கள் பிறகு வந்தன. அவற்றில் தொடுவிசை எல்லாத் திசையிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இந்த மும்முனைத் தடம் பெரிதும் அடங்கிவிட்டது. மேற்பரப்பை விட்டு எழாமல் உரசிக்கொண்டே ஓடும் ஸ்கேனிங் புரோப்களும் உண்டு. அவற்றுக்குக் கேலிபரேஷன் இன்னும் விரிவானது. மாஸ்டர் பாலை வேறு வேறு அழுத்தத்தில் தொட்டு, எந்தத் திசையில் எவ்வளவு வளைந்தால் எவ்வளவு மின்சமிக்ஞை என்ற முழு அட்டவணையையே கட்ட வேண்டும்.

கேலிபரேஷன் செய்த நிலையும் அளக்கும் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைக் கையேடுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். அதற்குள் நிறைய இருக்கிறது. தொடும் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 5 மி.மீ. வேகத்தில் போகும்போது சமிக்ஞை ஒரு மில்லி வினாடி தாமதித்தால் அதற்குள் 5 மைக்ரான் கடந்திருக்கும். வேகம் மாறாதவரை இந்தத் தாமதம் நடப்பு விட்டத்துக்குள் அடங்கிவிடும். கேலிபரேஷனை நிதானமாகச் செய்துவிட்டு, ஷிப்ட் முடிவதற்குள் லாட்டை அளந்து தள்ள வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினால் திருத்தம் வேறொரு புரோபுக்கு உரியதாகிவிடும். தொடும் திசையும் அப்படியே. மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் போகாமல் 10 பாகை சாய்வாகப் போய்த் தொட்டு, அந்தச் சாய்வைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டால், ஒரு மி.மீ. ஆரமுள்ள கோளத்தில் 15 மைக்ரான் பிசகும். இதை எந்தக் கேலிபரேஷனும் திருத்தாது.

சுழலும் தலை உள்ள இயந்திரங்களில் இன்னொரு பொறி. புரோபைப் பக்கவாட்டிலும் சாய்த்தும் நிறுத்த உதவும் தலைகளில் பரவலான ஒன்று, 7.5 பாகை வீதம் திரும்பி 720 நிலைகளில் நிற்கக்கூடியது. ஒவ்வொரு நிலையிலும் கோளம் வெளியில் வேறோர் இடத்தில் இருக்கும். புவியீர்ப்பு தண்டை வேறு மாதிரி இழுக்கும். எனவே பயன்படுத்தும் ஒவ்வொரு நிலையையும் மாஸ்டர் பாலில் தொட்டுத் தனித்தனியே கேலிபரேட் செய்ய வேண்டும். முதலில் நேர்க்கீழ் நிலை, அதை ஆதாரமாக வைத்து மற்றவை. நடுவே மாஸ்டர் பால் அசையக் கூடாது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மென்பொருள் கேட்கும்: மாஸ்டர் பால் இடம் மாறியதா? பெரிய பாகத்தை மேடையில் வைக்க இடம் போதாமல் காலை ஷிப்ட்காரர் அதைக் கழற்றி வைத்திருப்பார். மாலையில் வேறு துளையில் மாட்டியிருப்பார். கேள்வியைப் படிக்காமல் இல்லை என்று அழுத்திவிட்டால், புதிதாகக் கேலிபரேட் செய்த நிலைகள் ஒரு கணக்கிலும் பழையவை வேறு கணக்கிலும் ஓடும். பாகத்தின் ஒரு முகத்தில் உள்ள துளைக்கும் எதிர் முகத்தில் உள்ள துளைக்கும் இடையே இல்லாத விலகலைத் தாள் காட்டும். இடம் நிறைய மாறியிருந்தால் புரோப் போய் மோதும். அது ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு மி.மீ.க்கும் குறைவாக மாறியிருந்தால்தான் ஆபத்து.

வெப்பநிலையைச் சொல்லாமல் மைசூரில் அளவீட்டைப் பேச முடியாது. நீளங்களை ஒப்பிடுவதற்கான ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று உலகம் 1931-இல் ஒப்புக்கொண்டது. மைசூர் மேட்டுநிலம்; சென்னையைவிடக் குளுமை. என்றாலும் சித்திரை வெயிலில் 34, 35 டிகிரி தொடும். மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு எஃகு சுமார் 11.5 மைக்ரான், அலுமினியம் சுமார் 23 மைக்ரான் நீள்கிறது. 30 டிகிரியில் இருந்த 200 மி.மீ. அலுமினியப் பாகத்தை அப்படியே அளவீட்டு அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் 46 மைக்ரான் கூடுதல் நீளமாக இருக்கும். மேலே பார்த்த துளையின் முழு வரம்பே 21 மைக்ரான்தான். பாகத்தை அறையில் சில மணி நேரம் ஆறவைப்பது ஓரளவு எல்லோரும் பின்பற்றும் வழக்கம். புரோபையும் அப்படி ஆறவைக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 200 மி.மீ. எஃகு நீட்டிப்புத் தண்டு ஒரு டிகிரி ஏறினால் 2.3 மைக்ரான் நீள்கிறது. கையில் பிடித்து மாட்டிய சூட்டோடு கேலிபரேஷன் ஓட்டினால் அந்தச் சூடு தணியத் தணிய எண் நழுவிக்கொண்டே போகும். கார்பன் இழையில் செய்த நீட்டிப்புத் தண்டுகள் வந்தது இதற்காகத்தான்.

புரோப் கேலிபரேஷனையும் இயந்திரக் கேலிபரேஷனையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கொரு முறை வெளியிலிருந்து ஆள் வந்து லேசர் குறுக்கீட்டுமானியோ படி அளவுக்கட்டைகளோ வைத்து இயந்திரத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். மூன்று அச்சுகளில் ஒவ்வொன்றுக்கும் ஆறு பிழைகள், அச்சுகளுக்கிடையே செங்குத்துப் பிழைகள் மூன்று, ஆக 21 பிழைகளைப் பற்றிய வேலை அது. சுவரில் மாட்டிய அந்தச் சான்றிதழ் இன்று காலை மாட்டிய தண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் இயந்திரத்தை இயக்குகிறவர். தண்டை மாற்றும்போதும், புரோப் எதிலாவது இடித்துக்கொண்ட பிறகும், ஷிப்ட் தொடங்கும்போதும் செய்ய வேண்டிய வேலை.

அவர் நம்பும் மாஸ்டர் பாலுக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. அதன் சான்றிதழைத் தந்த ஆய்வகம், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்றது. பக்கத்தில் பெங்களூரில், 1962-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு தொடங்கிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் அளவீட்டு ஆய்வகங்களுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய ஆய்வகங்களின் அளவுகள் தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவுகளோடு ஒப்பிடப்பட்டவை. 1950-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்; ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் தோள்கொடுத்தவர். அங்கே மீட்டர் என்பது உலோகக் கம்பியன்று. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் என்று 1983-இல் உலகம் ஏற்ற வரையறை. அதை லேசர் ஒளியின் அலைநீளமாகக் கையில் பிடிக்கிறார்கள். ஒளியின் வேகத்திலிருந்து புறப்பட்ட அந்த அளவு, தில்லி ஆய்வகம், அங்கீகார ஆய்வகம், மாஸ்டர் பால் என்று இறங்கி ஹெப்பாளில் ஒரு பட்டறையின் மாணிக்க முனைக்கு வந்து சேர்கிறது. கடைசிக் கண்ணியான கேலிபரேஷனைத் துடைக்காத கோளத்தில் ஓட்டினால், அதற்கு முந்தைய கண்ணிகள் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

பட்டறை நடத்துகிறவர்களுக்கும் அளவீட்டு அறையில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேலிபரேஷன் முடிந்ததும் திரையில் வரும் நடப்பு விட்டத்தையும் படிவப் பிழையையும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தேதி, நேரம், தண்டின் பெயர், அறை வெப்பநிலை ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதத்து எண்கள் வரிசையாகக் கிடைத்துவிட்டால், எந்தத் தண்டு தளர்கிறது, எந்தப் புரோப் ஓய்கிறது என்பது வாடிக்கையாளரின் புகார் வருவதற்கு முன்பே அந்த நோட்டில் தெரிந்துவிடும். மாஸ்டர் பாலின் சான்றிதழ் எந்த ஆண்டு தேதியிட்டது என்றும் இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.